பழைய பாட்டும் இளைய செவியும்



“இக்காலத்துப் பிள்ளைகள் பழைய பாட்டுகளைக் கேட்பதில்லை” என்னும் குறையை நான் என் இளமையிலேயே கேட்டிருக்கிறேன். அன்று அதனைச் சொன்னவர்கள் என் தந்தையார் காலத்தவர். குறை சொல்லப்பட்டவர்களுள் நானும் ஒருவன். இன்று அதே குறையைச் சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது. பலமுறை சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் அண்மையில் ஒரு மாலை, இரயில் வண்டியில், அதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டா என்னும் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நேயர்களுள் மாணவர்கள் மிகுதி என்பதால் அவர்களிடம் பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து ஜோலார்ப்பேட்டைக்குச் செல்லும் ஏலகிரி விரைவு வண்டியில் நான் திருப்பத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காட்பாடி கடந்துவிட்டது. எதிர் இருக்கையில் கல்லூரி மாணவர் ஒருவர் இரு காதுகளிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்களை மூடியபடி தலையசைத்துக் கொண்டிருந்தார். அவர் கண் விழித்தபோது, “என்ன பாட்டு, தம்பி?” என்று கேட்டேன். அவர் விடையாக ஒன்றும் சொல்லாமல், ஒரு காதிலிருந்ததைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் புதிதாக ஏதேனும் பேரோசை வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ ‘குணா’ படத்துப் பாட்டு! இளையராஜா இசையமைத்து 1991-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம் அது.

“உனக்கு இது எப்படித் தெரியும்? நீ பிறப்பதற்கு முன் வந்ததாயிற்றே” என்றேன்.

“‘மஞ்சும்மல் பாய்ஸ்’ பார்த்தேன், சார்” என்றார் அவர்.

கொடைக்கானலில் குணா குகை எனப்படும் பிளவில் கொச்சிப் பகுதி இளைஞர் ஒருவர் 2006-இல் தவறி விழுந்ததையும், அவருடைய தோழர்கள் அவரை மீட்டதையும் கதையாகக் கொண்ட மலையாளப் படம் அது. 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் குணா படத்துப் பாட்டு உரிய இடத்தில் ஒலித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய அப்பாட்டு, தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மீண்டும் முணுமுணுக்கப்பட்டது.

நான் ஆசிரியன் அல்லவா? விட்டுவிட மனம் வரவில்லை. “அப்படியானால் நீ புதிய படத்துப் பாட்டைத்தான் கேட்கிறாய், பழைய பாட்டை அன்று. அதே குணா படத்தில் வேறு பாட்டு ஏதேனும் தெரியுமா?” என்றேன். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். தெரியவில்லை. நான் வென்றுவிட்டதாக எண்ணினேன். அப்போது அவர் மிகப் பணிவாகக் கேட்டார்: “உங்களுக்குப் பழைய பாட்டு எப்படிக் கிடைத்தது, சார்? நீங்களாகத் தேடிப் போனீர்களா?”

அக்கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. விடை தேடிப் போனபோது நான் நெடுந்தொலைவு பின்னோக்கிப் போக நேர்ந்தது.

மேலைநாட்டிலும் இக்கேள்வி உண்டு. மின்சாரக் கிதாரும் முரசுமாக நான்கைந்து இளைஞர்கள் கூடிப் பாடும் ‘ராக்’ இசைக் குழுக்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். லிவர்ப்பூல் நகரத்துப் பீட்டில்ஸ் குழு 1962-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, 1970-இல் பிரிந்தது. அக்காலத்துப் பெரியோர் பலர் அதனை இசை என்றே ஒப்பவில்லை. அவ்வாறு பழிக்கப்பட்ட இசைக்குப் பின்னாளில் ‘கிளாசிக் ராக்’ என்னும் உயர்ந்த பெயர் கிடைத்தது. பெயர் சூட்டியவர்கள் இசை அறிஞர்கள் அல்லர். 1980-களில் அமெரிக்க வானொலி நிலையத்தார் தாம் அதனைப் பரப்பினார்கள். இளமையில் அப்பாட்டுகளைக் கேட்டவர்கள் அப்போது நடுவயதை எட்டியிருந்தனர். அவர்கள் காதுக்கு ஏற்றதை ஒலிபரப்பினால் விளம்பரம் கிடைக்கும். ஆகவே ‘பழைய நல்ல இசை’ என்பது பெரும்பாலும் ஒரு தலைமுறை தன் பதினேழாம் வயதுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயரே ஆகும்.

அங்குள்ள இளையோர் அப்பழைய குழுக்களை இன்றும் கேட்கிறார்களா எனில், கேட்கிறார்கள். ஆனால் நம் இரயில் நண்பரைப் போலவே, பெரும்பாலும் ஏதோ ஒரு புதிய வாயில் வழியாக உள்ளே நுழைகிறார்கள். ‘குவீன்’ குழுவின் பாடகரான பிரெடி மெர்க்குரி, சான்சிபாரில் 1946-இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டுப் பஞ்சகனிப் பள்ளியில் படித்து, அங்கேயே மாணவர் இசைக்குழு ஒன்றில் பியானோ வாசித்தவர். அவர் 1991-இல் மறைந்தார். அவருடைய வாழ்க்கையை ஒட்டிய திரைப்படம் 2018-இல் வந்த பிறகு, அவர் மறைந்த பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் அவர் பாட்டை நாடினார்கள். கேட் புஷ் என்னும் ஆங்கிலப் பாடகியின் 1985-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இடம்பெற்றதால், 37 ஆண்டுகள் கழித்து 2022-இல் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. நம் இளைஞர்களை மட்டும் நொந்துகொள்வதில் பயனில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பம் திருப்பத்தூரை அடுத்த சிற்றூர். தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிர் நீக்கும் கொட்டகையில் அவருக்கு வேலை. அங்கே சுவரில் ஒரு பலகை. பலகைமேல் ஒரு வானொலிப் பெட்டி. அதன் திருகில் கை வைக்கும் உரிமை மேஸ்திரி பாய் ஒருவருக்கே உண்டு. அவர் வீட்டில் உருது பேசுபவர். அதனால் தமிழ் தவிர வேறொன்றும் அறியாத என் தந்தையார், முகமது ரபியின் இந்திப் பாட்டுகளை மெட்டுப் பிசகாமல் சீழ்க்கையடிப்பார். தேடிப் போய்க் கற்றதன்று. திருகு அவர் கையில் இல்லாததால் கற்றது.

அப்பாட்டுகள் பெரும்பாலும் இலங்கை வானொலியிலிருந்து வந்தவை. ஏன் இலங்கையிலிருந்து? இதனை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் வானொலிக்குச் சற்றே நாணம் தரும் செய்தியாயினும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய இசையில் பெரும்பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு மிகக் குறைக்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்களும் பிணங்கிக்கொண்டார்கள். ஒலிபரப்பில் திரைப்பாட்டு அனேகமாக இல்லை என்றே ஆயிற்று. அரசாங்கம் நல்ல எண்ணத்துடன்தான் செய்தது. ஆனால் கேட்பவர் கையில் திருகு ஒன்று இருக்கிறதே! இந்திய இளைஞர்கள் அதனைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது படையினருக்காக அங்கே நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பியின் ஒலி, கடல் கடந்து நாடெங்கும் எட்டியது. அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ அதே 1952-இல் அங்கே தொடங்கிற்று. தமிழ் ஒலிபரப்பில் மயில்வாகனனின் குரலுக்காக வேலையை நிறுத்திக் காத்திருந்தவர்கள் உண்டு என்று தந்தையார் சொல்வார். ஐந்தாண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3-இல், நம் வானொலியும் விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாட்டுக்குக் கதவைத் திறந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1952-இல் எப்பாட்டுகள் இளைஞரைக் கெடுக்கும் எனப்பட்டனவோ, அவையே இன்று ‘காலத்தால் அழியாத பாடல்கள்’ என்னும் தலைப்பில் ஒலிபரப்பாகின்றன. அவற்றை இளைஞர்கள் கேட்பதில்லை என்றுதான் இன்று என்னைப் போன்றவர்கள் வருந்துகிறோம்!

இலங்கை நமக்குத் தந்தது இன்னொன்றும் உண்டு. மேலைநாட்டு ராக் குழுக்களுக்கு நம் தமிழில் உறவு தேட வேண்டுமாயின், கிதாரும் பைலாத் தாளமுமாக இலங்கையில் அக்காலத்தில் எழுந்த துள்ளிசையைத்தான் சொல்ல வேண்டும். அதன் புகழ்பெற்ற பாடகரான ஏ. ஈ. மனோகரன் 2018-இல் சென்னையில் காலமானார். ஏலகிரி மலைக்கு உலா செல்லும் கல்லூரிப் பேருந்துகளில் இருக்கையைத் தட்டிக்கொண்டு ‘சுராங்கனி’ பாடும் மாணவர்களை இன்றும் காண்கிறேன். பாடியவர் யார், பாதிச் சொற்கள் எம்மொழி என்று கேட்டால் விழிப்பார்கள். பாட்டு மட்டும் பிழையின்றி வரும். பெயரை இழந்துவிட்டும் வாழ்கிற பாட்டு அது.

இளம் செவியில் விழுவது எவ்வாறு தங்குகிறது என்பதை அறிவியலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்சல் என்பவரும், ஜஸ்டின் சுப்னிக் என்பவரும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபது வயதையொத்த மாணவர்களுக்கு ஐம்பது ஆண்டுக் காலத்துப் புகழ்பெற்ற பாட்டுகளைப் போட்டுக்காட்டி, எவை தெரியும், எவை பிடிக்கும், எவை நினைவைக் கிளறுகின்றன என்று வினவினர். தங்கள் காலத்துப் பாட்டுகள் முன்னிற்கும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் அவர்களுடைய பெற்றோர் இளைஞராயிருந்த காலத்துப் பாட்டுகளிடத்திலும் அந்த ஈடுபாடு மீண்டும் உயர்ந்தது. அதற்கும் முந்திய 1960-களின் பாட்டுகளிடத்தில் மற்றுமோர் உயர்வும் காணப்பட்டது. பெற்றோர் வீட்டில் கேட்டது பிள்ளையின் நினைவாகவும் ஆகிவிடுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

இது ஒரே பெட்டியில் பாட்டுக் கேட்ட வீடுகளின் செய்தி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கைப்பேசி வந்தபின் நிலைமை வேறாகிவிட்டது. ஒருபுறம், 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்டதாகச் சொல்லப்படும் ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய பாட்டும், நேற்றிரவு வெளிவந்த பாட்டும் ஒரே தட்டில் ஒரே தூரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. என் இளமையில் எந்த அரசனுக்கும் கிட்டாத செல்வம் அது. மறுபுறம், ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் நான்கு காதுகளுக்கு நான்கு பாட்டு. தாய் கேட்பது மகளுக்குத் தெரியாது. வேண்டியதைக் கேட்கலாம் என்று வந்தபின், வேண்டாததைக் கேட்டுப் பின்னர் விரும்பும் வாய்ப்புக் குறைந்துவிட்டது. இளைஞரின் இரசனை குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. பொதுச் செவி குறைந்திருக்கிறது, அவ்வளவே.

பொதுச் செவி முற்றும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் எங்கள் பக்கத்து ஊர்களில் கூழ் ஊற்றும் நாளன்று எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் எழும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் விழா நாட்களில் நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரல் தெருவை நிறைக்கும். ஹனிபா 2015-இல் மறைந்தார். அவர் குரலை அறியாத பள்ளிப் பிள்ளையை இப்பகுதியில் நான் பார்த்ததில்லை. எந்த மதத்துப் பிள்ளையாயினும் சரி. அவர்களுள் எவரும் அதனைத் தேடிப் போகவில்லை. பாட்டு தானே தெருவில் வந்து நின்றது.

இதுவரை சொன்னவை யாவும் பதிவாகிப் பிழைத்த பாட்டுகளைப் பற்றியவை. அந்த மாணவரின் கேள்வி என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் வேறு.

என் தந்தையார் மணமாகும் முன் தெருக்கூத்தில் வேடங்கட்டியவர். வடஆர்க்காட்டுக் கூத்தில் கர்ணன் வேடத்துக்கென்றே சில குரல்கள் இருக்கும். அத்தகைய குரல் அவருக்கு. தொழிற்சாலை வேலைக்கு வந்தபின் கூத்து நின்றுபோயிற்று. மழையால் வேலை இல்லாத நாட்களில் மட்டும், திண்ணையில் அமர்ந்து கர்ண மோட்சத்தில் சில பகுதிகளைப் பாடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். நண்பர்கள் வந்திருந்தால் அவரை நிறுத்தச் சொல்வேன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய அண்டை வீட்டார் ஒருவர் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். ஓரிரவு அவர் தந்தையாரைப் பாடச் சொல்லி, ஒரு கேசட் முழுவதும் பதிந்து எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

1985-இல் ‘முதல் மரியாதை’ படம் வந்தது. எனக்குப் பதினேழு வயது. அக்காலத்தில் நமக்கு வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், கேசட்டில் பதிந்து தருவார்கள். வெற்றுக் கேசட் வாங்கக் காசில்லை. வீட்டிலிருந்த கேசட்டை எடுத்துச் சென்று கொடுத்தேன். மறுநாள் அதில் இளையராஜாவின் இசை இருந்தது. தந்தையாரின் கர்ணன் இல்லை.

இது எவ்வாறு நிகழ்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கேசட் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஒலிக்கேற்ப மாறும் காந்தப்புலம் அத்துகள்களில் பதிந்து நிற்பதே பதிவு. மேற்பதிவு செய்யும்போது, பதியும் முனைக்கு முன்னால் உள்ள அழிக்கும் முனை, பழைய காந்த ஒழுங்கைக் கலைத்துவிடும்; அதன்பின் புதியது பதியும். ஒரு கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. அவற்றை ஒடித்துவிட்டால் அக்கேசட்டில் மேற்பதிவு செய்ய இயலாது. அதனைச் செய்ய ஒரு நொடி போதும். எங்கள் வீட்டில் அது எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தாலும் அன்று ஒடித்திருப்பேன் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

தந்தையார் சினங்கொள்ளவில்லை. புதிய பதிவை முழுவதும் கேட்டுவிட்டு, “இதுவும் நம் பக்கத்துப் பாட்டு மாதிரிதான் இருக்கிறது” என்றார். 1998-இல் அவர் மறைந்தார்.

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன், 1970-களின் இறுதியில் நியூயார்க்கில் தம் வீட்டில் பியானோ வாசித்துப் பாடி ஒரு பாட்டைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். 1980-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சிய தோழர்கள் 1995-இல் அதனை முழுமையாக்க முயன்றனர். பியானோ ஒலியும் இரைச்சலும் குரலை மூடியதால் கைவிட்டனர். பின்னர்க் கணிப்பொறி கொண்டு குரலை மட்டும் பிரித்தெடுக்கும் முறை வந்தது. 2023 நவம்பரில் அப்பாட்டு வெளியாகி, பிரிட்டனில் முதலிடம் பெற்றது. இச்செய்தியைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இரைச்சலில் மூடப்பட்ட குரலை மீட்கலாம். கலைக்கப்பட்டதை மீட்க எந்தப் பொறியும் இல்லை.

என் வீட்டுக் குற்றம் சிறிது. நாட்டில் இதனினும் பெரியவை நடந்துள்ளன. தமிழின் முதல் பேசும் படம் எனப்படும் ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது, டி. பி. ராஜலட்சுமி நடித்தார். அப்படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. அதனை இளைஞர்கள் பார்ப்பதில்லை என்று எவரும் குறை கூற முடியாது, பார்க்க ஒன்றுமில்லையே! கூத்துக் கலைக்கும் புரிசை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் வாய்த்தார்கள். எல்லா ஊர்க் கர்ணனுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஆகவே, இளைஞர் கேட்கிறார்களா என்னும் கேள்விக்கு என் விடை இது: கையில் கிடைத்ததைக் கேட்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் கேட்டோம். எது கையில் கிடைக்கும் என்பதை முன்னே வாழ்ந்தவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். மாணவ நண்பர்களே, உங்கள் பையிலுள்ள கைப்பேசியில் அண்டை வீட்டாரின் டேப் ரிக்கார்டரைவிடப் பன்மடங்கு நல்ல பதிவுக் கருவி இருக்கிறது. உங்கள் பாட்டியார் நாற்று நடும்போது பாடியது, தாத்தா பஜனையில் பாடியது, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் குற்றமில்லை. பதிந்து, பெயரும் ஊரும் நாளும் எழுதி, இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள். பிடித்தம் பிறகு வரலாம். எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் வந்தது.

இவ்வளவையும் அன்று இரயிலில் அந்த மாணவரிடம் சொன்னேன் என்று எண்ண வேண்டாம். கேசட் கதையை மட்டும் சொன்னேன். ஆம்பூர் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் வாணியம்பாடியில் இறங்க வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டவர், கைப்பேசியைப் பதிவுக்கு வைத்து என் பக்கம் நீட்டி, “அப்பா பாடினது கொஞ்சம் நினைவிருக்குமே, சார், பாடுங்கள்” என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். கூச்சத்தை விட்டுத் தொடங்கினேன். இரண்டடி வந்தது. மூன்றாம் அடிக்கு மெட்டு மட்டும் வந்தது; சொல் வரவில்லை. மெட்டையே முனகினேன். வண்டி நிற்கும்வரை அவர் கையைத் தாழ்த்தவில்லை.